பின்தங்கிய மாணவி ஒருவர் தேவை

மேற்குக்கரை மருந்தியல் உயர்கல்வி நிறுவனத்தில் பின்தங்கிய மாணவர்கள் எவரும் கிடையாது. அதன் கையேட்டில், பணிப்பாளரின் புகைப்படத்துக்குக் கீழே, இது தங்க நிற எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. இறுதிப் பரீட்சையில் ஆண்டுதோறும் பாதிப் பேருக்கு மேல் தவறுவது உண்மைதான். ஆனால் தவறிய பிறகு அவர்கள் நிறுவனத்தின் மாணவர்கள் அல்லர். ஆகையால் கையேட்டில் பொய் ஏதும் இல்லை.

நிறுவனம் வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு சேலைக்கடையின் மேல்மாடிகளில் இயங்கியது. மாணவர்கள் அங்கே படித்துவிட்டுக் கடைசி ஆண்டில் கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போவார்கள். நோயாளியின் கட்டிலருகே நின்று, அவருக்கு எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா, அளவு சரியா, அவருடைய சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று பார்க்கப் பழகுவதுதான் அந்தப் பயிற்சி. அதைப் பழக்குபவள் யூஜினா. மருத்துவமனையின் மருந்தாளர், நிறுவனத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் பயிற்றுநர். வேலையில் கெட்டிக்காரி. யாரோடும் வாக்குவாதத்துக்குப் போகமாட்டாள். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள்.

அந்த ஆண்டு நிறுவனத்தின் தரத்தை மதிப்பிட ஒரு குழு வருவதாக இருந்தது. குழு முன்கூட்டியே அனுப்பிய கேள்விகளில் ஒன்று, பின்தங்கிய மாணவர்களை ஊக்குவித்து வழிநடத்த என்ன ஏற்பாடு உண்டு என்பது. எங்களிடம் அப்படி எவரும் இல்லை என்று பணிப்பாளர் கலாநிதி நாகேந்திரம் பெருமையோடு பதில் எழுதினார். ஏற்பாடு இல்லையென்றால் அதற்குரிய புள்ளியும் இல்லை என்று குழு மறுபதில் எழுதியது. சில வாரங்களில் நான்காம் மாடியில் ‘மாணவர் ஊக்கமூட்டல், வழிகாட்டல் மற்றும் மீட்புப் பிரிவு’ உருவாயிற்று. குளிரூட்டி வந்தது. கண்ணாடிக் கதவு வந்தது. மீட்கப்படுபவர் அமர்வதற்கென்று மெத்தென்ற மஞ்சள் கதிரை ஒன்று வந்தது. காப்புறுதி முகவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பெயரெடுத்த றேமண்ட் என்பவர் ஊக்கமூட்டல் அதிகாரியாக வந்தார். மாணவர்தான் வரவில்லை. அந்தக் கதிரையில் இருந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று எல்லோரும் மூன்றாம் மாடியோடு திரும்பிப் போனார்கள்.

இந்த நிலையில்தான் யூஜினா அந்த வசனத்தைச் சொன்னாள். பயிற்றுநர் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் எப்படி என்று நாகேந்திரம் பேச்சுக்குக் கேட்டார்.

“பரவாயில்லை சேர். ஜீவராணி மட்டும் கொஞ்சம் ஸ்லோ. வார்ட் ரவுண்டில வாய் திறக்கிறா இல்லை. கொஞ்சம் டைம் குடுத்தா சரியாகிடும்.”

நாகேந்திரம் கோப்பையைக் கீழே வைத்தார். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை கிடைத்துவிட்ட தகப்பனின் முகமாக இருந்தது அது.

“ஸ்லோ எண்டா? நல்லா ஸ்லோவா?”

“அப்பிடியில்லை சேர். பயம், அவ்வளவுதான்.”

“பயமும் இருக்கோ,” என்று அவர் றேமண்டைப் பார்த்தார். “எழுதும் றேமண்ட்.”

ஜீவராணி கிளிநொச்சியிலிருந்து வந்தவள். தாய் வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்து அவளைப் படிக்க வைத்தாள். வெள்ளவத்தையில், கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் ஓர் அறையில் இன்னும் இரண்டு பெண்களோடு தங்கியிருந்தாள். யூஜினா சொன்னது பொய்யல்ல. ஒரு நோயாளியின் மருந்து அட்டையைப் பார்த்து முடிக்க அவளுக்கு ஒரு காலை முழுக்கத் தேவைப்பட்டது. ஒரே மாதிரி ஒலிக்கும் மருந்துப் பெயர்கள் அவளுக்குள் குழம்பின. வைத்தியர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் முதலில் அவளுடைய காது சிவக்கும். பிறகு கண் கலங்கும். பதில் வரும்போது எல்லோரும் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்கள்.

பிரிவின் திறப்புவிழா விமரிசையாக நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். சேலைக்கடை முதலாளியும் வந்திருந்தார். முதலாவது பயனாளி என்ற வகையில் ஜீவராணிக்கு மாலை போட்டு, மேடையில் மஞ்சள் கதிரையில் இருத்தினார்கள். நாகேந்திரம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அன்பார்ந்த பெரியோர்களே, இந்தப் பிரிவுக்கு ஓர் அறை தேவைப்பட்டது, அமைத்தோம். ஓர் அதிகாரி தேவைப்பட்டார், நியமித்தோம். பின்தங்கிய மாணவி ஒருவர் தேவைப்பட்டார், இறைவன் தந்தான். இன்று இந்த மேடையில் இருப்பவர்களில் மிக முக்கியமானவர் இந்தப் பிள்ளைதான். நாங்கள் எவரும் இல்லாவிட்டாலும் இந்தப் பிரிவு நடக்கும். இவர் முன்னேறிவிட்டால் நடக்காது. ஆகவே இவரை நாம் கண்ணுக்குள் வைத்துப் பாதுகாப்போம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். ஜீவராணி தலையை உயர்த்தி இரண்டாம் வரிசையில் யூஜினாவைத் தேடிப் பிடித்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ‘நான் அவ்வளவு மோசமா மிஸ்?’ என்ற கேள்விதான் இருந்தது. யூஜினாவும் கைதட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார் என்று தொடர்ந்து தட்டினாள்.

மறுவாரம் ஊக்கமூட்டல் தொடங்கியது. றேமண்ட் கெட்டவர் அல்லர். வாசனையாக வருவார், எவர் பெயரையும் மறக்கமாட்டார், தான் சொல்வதை முழுமையாக நம்புவார். ஜீவராணியை ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, “என்னால் முடியும்” என்று கத்தச் சொன்னார். அவள் மெதுவாகச் சொன்னாள். கீழே சேலை பார்க்கிறவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றார். நாளடைவில் கேட்டது. சேலைக்கடைக்காரர் ஆளனுப்பி முறைப்பாடு செய்தபோது, அதையே முதலாவது முன்னேற்றமாக றேமண்ட் பதிவு செய்தார்.

“உங்களுக்குள்ள ஒரு சிங்கம் நித்திரை கொள்ளுது,” என்றார் ஒருநாள்.

“சேர், வார்ஃபரினோட எந்த அன்டிபயோட்டிக் குடுக்கக்கூடாது எண்டுதான் எனக்கு மறக்கிறது,” என்றாள் ஜீவராணி.

“அதெல்லாம் டீடெய்ல். முதல்ல சிங்கத்தை எழுப்புவம்.”

இதில் ஒரு சிக்கல் இருந்தது. றேமண்டுக்குப் பின்னேரங்களில் வேறு வகுப்புகள். காலையில்தான் ஓய்வு. வார்ட் ரவுண்டும் காலையில்தான். ஆகவே மற்றப் பிள்ளைகள் கொட்டாஞ்சேனையில் நோயாளிகளைப் பார்க்கும்போது ஜீவராணி வெள்ளவத்தையில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் பின்தங்கினாள். பின்தங்கியதால் அமர்வுகள் கூட்டப்பட்டன.

யூஜினா பணிப்பாளரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள்.

“சேர், அவ ரவுண்டுக்கு வந்தாத்தானே பழகலாம்.”

“யூஜினா, அறிவு எப்ப வேணுமெண்டாலும் வரும். ஊக்கம் காலமைதான் வரும்,” என்றார் நாகேந்திரம். “வார்ட்டில என்ன இருக்கு? வருத்தக்காரர்தானே.”

“அவைக்கு மருந்து பாக்கத்தானே சேர் பழக்கிறம்.”

“அது பிறகு. முதல்ல அவ பின்தங்கினவ எண்டதை அவ மனசார ஏற்றுக்கொள்ள வேணும். அதுதான் முன்னேற்றத்தின்ர முதல் படி. நீங்கள் இடையில போய்ப் பாடத்தைப் படிப்பிச்சுக் குழப்பாதேங்கோ.”

யூஜினா “சரி சேர்” என்றாள். சொன்ன பிறகும் குழப்பத்தான் செய்தாள். பகல் சாப்பாட்டு நேரத்தில், மருந்தகத்தின் பின்னால் பெட்டிகள் அடுக்கிய இடத்தில், ஜீவராணிக்குத் தனியாகப் பாடம் நடந்தது. அமர்வு முடிந்ததும் அவள் பஸ் ஏறி வந்துவிடுவாள். இரண்டு பேரும் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே மருந்து அட்டைகளைப் பார்ப்பார்கள்.

“எல்லாத்தையும் ஒரேயடியாப் பாக்காதீங்க,” என்றாள் யூஜினா. “முதல்ல ஆளைப் பாருங்க. என்ன வயசு, கிட்னி எப்பிடி. பிறகு மருந்து. பிறகு அட்டையில எழுதாம ஆள் வீட்டில என்ன குடிக்கிறார் எண்டு கேளுங்க. அவ்வளவுதான்.”

“மறந்திட்டா?”

“மறந்தா புத்தகத்தைத் திறந்து பாருங்க. நானும் பாக்கிறனான்.”

“நீங்களுமா மிஸ்?”

“ஓம். டெய்லி.”

ஜீவராணி அதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் பல்லை யூஜினா அன்றுதான் பார்த்தாள்.

செய்தி நான்காம் மாடிக்கு எட்டியது. அங்கீகாரம் பெறாத ஊக்கமூட்டல் நடைபெறுவதாக யூஜினாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தொடர விரும்பினால் அவள் சான்றிதழ் பெற வேண்டும். அதற்காகக் கல்கிசையில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் ஒருநாள் பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பப்பட்டாள். அங்கே வட்டமாக நின்று பந்தெறிந்து விளையாடினார்கள். குளிர்பானக் குழாய்களை ஒட்டிக் கோபுரம் கட்டினார்கள். யூஜினாவின் கோபுரம் விழுந்தது. அது விழுந்தபோது அவள் சிரித்ததற்காகச் சிறப்புச் சித்தி கிடைத்தது. மறுநாளிலிருந்து, முன்பு சொல்லிக்கொடுத்ததையே, அதே பெட்டிகளுக்கு நடுவே, அங்கீகாரத்தோடு சொல்லிக்கொடுத்தாள்.

வார்ட்டில் அப்போது பிறெடி என்றொருவர் அனுமதிக்கப்பட்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். இதயத்துக்காக வார்ஃபரின் குடிப்பவர். இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து அது. அளவு தப்பினாலும், கூடாத மருந்தோடு சேர்ந்தாலும் இரத்தம் நிற்காது. பிறெடிக்குப் பல் முரசில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. காரணம் பிடிபடவில்லை. அன்று றேமண்டுக்குக் காய்ச்சல் என்பதால் ஜீவராணி ரவுண்டுக்கு நேரத்தோடு வந்திருந்தாள். வைத்தியர் வருமுன் பிறெடியின் கட்டிலருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அங்கிள், வீட்டில வேற என்ன குளிசை போடுறீங்கள்?”

“டொக்டர் தந்தது மட்டுந்தான் மகள்.”

“கடையில வாங்கிறது? நாரிப்பிடிப்பு, தலையிடி எண்டு?”

“அது குளிசையில்ல மகள், அது சும்மா முழங்கால் நோவுக்கு. பாமசில குடுப்பாங்க. சோக்கான சாமான்.”

அவருடைய மனைவி கைப்பையிலிருந்து அந்தச் சும்மா சாமானை எடுத்துக் காட்டினாள். டைக்ளோஃபெனாக். வார்ஃபரினோடு சேரக்கூடாத வலிமருந்து.

வைத்தியர் வந்தார். யாராவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று வழக்கம்போல ஆங்கிலத்தில் கேட்டார். ஜீவராணியின் காது சிவந்தது. வைத்தியர் அடுத்த கட்டிலை நோக்கி அடியெடுத்து வைத்தார். யூஜினா வாய் திறக்கப் போனாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“டொக்டர்,” என்றாள் ஜீவராணி. ஆங்கிலம் உடைந்துதான் வந்தது. ஆனால் மருந்தின் பெயர், எவ்வளவு நாளாகக் குடிக்கிறார், ஏன் கூடாது, பதிலாக என்ன கொடுக்கலாம் என்று எல்லாம் வந்தது. பதில் மருந்தின் அளவை மட்டும் சொல்லுமுன் சட்டைப்பையிலிருந்து சிறு கைநூலை எடுத்துப் பார்த்தாள். வைத்தியர் பொறுமையாக நின்றார். பிறகு, “குட்,” என்று சொல்லி அட்டையில் எழுதினார்.

அதற்கடுத்த கிழமை நடந்த இறுதிப் பயிற்சி மதிப்பீட்டில் ஜீவராணி சித்தியடைந்தாள். வகுப்பில் முதல் அல்ல, நடுவில். ஆனால் இரக்கப்பட்டுப் போட்ட புள்ளி ஒன்றுகூட அதில் இல்லை. யூஜினா மகிழ்ச்சியோடு பணிப்பாளரின் அறைக்குப் போனாள். றேமண்டும் அங்கே இருந்தார்.

“பாஸ் பண்ணிட்டாவோ?” என்று கேட்டார் நாகேந்திரம். செத்த வீட்டில் விசாரிக்கும் குரல்.

“ஓம் சேர். நல்லாச் செய்தவ.”

“முழுசா? இல்லாட்டி ஏதும் ஒரு பகுதி…”

“முழுசா சேர்.”

“வெள்ளிக்கிழமை குழு வருது,” என்றார் றேமண்ட் கவலையோடு. “கதிரையில ஆரை இருத்துறது?”

நாகேந்திரம் எழுந்து யன்னல் வழியே காலி வீதியைப் பார்த்தார்.

“யூஜினா, ஆஸ்பத்திரியைப் பாக்க அமைச்சர் வாற நாளில வார்ட்டில இருக்கிற ஒரேயொரு நோயாளியை டிஸ்சார்ஜ் பண்ணுவீங்களோ?”

“சுகமாயிட்டா பண்ணத்தானே வேணும் சேர்.”

“சுகமானவர் இன்னும் ரெண்டு நாள் படுத்திருந்தா என்ன? கட்டில் இருக்குது, சாப்பாடு இருக்குது.” அவர் திரும்பினார். “புள்ளியை மாத்தச் சொல்லேல்லை. அது பாவம். நான் அப்பிடிப்பட்டவன் இல்லை. குழு போகுமட்டும் அனுப்பாம வச்சிருங்கோ. அனுப்பாம இருக்கிறது ஒரு செயலே இல்லை. செய்யாத ஒண்டு எப்பிடிப் பிழையாகும்?”

யூஜினா கையிலிருந்த புள்ளித் தாளை இரண்டாக மடித்தாள்.

“உங்கட ஒப்பந்தமும் இந்த மாசம் முடியுது,” என்றார் நாகேந்திரம் அன்போடு. “நான் மறக்கேல்லை.”

ஒரு கிழமைகூட இல்லையே என்று யூஜினா நினைத்தாள். யாருக்கும் நட்டமில்லையே என்று நினைத்தாள். பயிற்சி முடித்தவர்கள் எழுதும் மருந்தாளர் அனுமதிப் பரீட்சைக்கான விண்ணப்பங்கள் எந்த நாளோடு முடிகின்றன என்பது மூன்றாம் மாடி அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அறையிலிருந்து வெளியே வந்தபோது அதைக் கடந்துதான் படியிறங்கினாள். பலகையில் ஏதோ ஒட்டியிருப்பது தெரிந்தது. நின்று வாசிக்கவில்லை. வாசித்தால் திரும்பிப் போய்க் கதைக்க வேண்டியிருக்குமோ என்ற பயம் அப்போது அவளுக்குள் இருந்ததா என்பதை அவளால் பின்னாளில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் ஜீவராணி மருந்தக வாசலில் காத்திருந்தாள்.

“மிஸ், ரிசல்ட் வந்திட்டுதா?”

“இன்னும் போடேல்லை.”

“ஏன் மிஸ், கஷ்டமா?”

யூஜினா ஒரு மருந்துப் பெட்டியின் காலாவதித் திகதியை உற்றுப் பார்த்தாள்.

“இருங்க, பாப்பம்,” என்றாள்.

ஜீவராணி தலையை ஆட்டினாள். அன்று சோற்றுப் பார்சலைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. முதலில் கட்லட்டும் கேக்கும் பரிமாறினார்கள். பிறகு எல்லோரையும் நான்காம் மாடிக்கு அழைத்துப் போனார்கள். ஜீவராணி சேலையுடுத்து மஞ்சள் கதிரையில் இருந்தாள். றேமண்ட் எழுதிக்கொடுத்ததைப் பிழையில்லாமல் ஒப்புவித்தாள்.

“முன்பு நான் இருளில் இருந்தேன். இந்தப் பிரிவு எனக்கு ஒளியேற்றியது. என்னால் முடியும்.”

குழுவில் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை இருந்தார். அவர் தமிழ்ப்பெண்தான். குனிந்து, சாதாரணமாகக் கேட்டார்.

“இப்ப எப்பிடி இருக்கு மகள்?”

ஜீவராணி றேமண்டைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு அவர் எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

“இப்பவும் இருட்டுத்தான் மேடம்,” என்றாள்.

இப்போது எழுந்து சொல்லலாம் என்று யூஜினா நினைத்தாள். இந்தப் பிள்ளை பாஸ் என்ற ஒரு வசனம் போதும். வாயைத் திறந்தும்விட்டாள். நாகேந்திரம் முந்திக்கொண்டார்.

“பார்த்தீர்களா, எவ்வளவு மனம் திறந்து பேசுகிறார். எமது பிரிவு உருவாகும் முன் இவர் வாயே திறந்ததில்லை.”

பேராசிரியை எதையோ எழுதினார். மற்ற உறுப்பினர்கள் மதிப்போடு தலையாட்டினார்கள். யூஜினா வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக ஜீவராணியின் புள்ளிகளை அனுப்பினாள். நிறுவன அலுவலகத்திலிருந்து உடனே பதில் வந்தது. அனுமதிப் பரீட்சைக்கான பெயர்கள் வெள்ளிக்கிழமையே போய்விட்டன. பயிற்சி முடிக்காதவர் என்பதால் ஜீவராணியின் பெயர் அனுப்பப்படவில்லை.

யூஜினா அரைநாள் லீவு போட்டுப் பரீட்சை அலுவலகத்துக்கே போனாள். கருமபீடத்தில் இருந்த அதிகாரியிடம் தன் அரைகுறைச் சிங்களத்தில் நடந்ததை விளக்கினாள். தவறு தன்னுடையது, பிள்ளையுடையதல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் அனுதாபத்தோடு கேட்டார்.

“ஹய மாசெகின் என்ன மிஸ்,” என்றார். ஆறு மாதம் கழித்து, அடுத்த பரீட்சைக்கு வாருங்கள் என்பது அதன் பொருள்.

அதே வாரத்தில் மீட்புப் பிரிவுக்கு அதியுயர் தரம் கிடைத்ததாக அறிவித்தார்கள். யூஜினாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சிறந்த வழிகாட்டி என்று கண்ணாடியாலான ஒரு நினைவுச்சின்னமும் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லாமல் மருந்தக அலுமாரியில், காலாவதியான மருந்துகளை வைக்கும் தட்டில் வைத்தாள். இரண்டு நாள் கழித்து நாகேந்திரத்திடம் போனாள்.

“சேர், அந்தப் பிள்ளைக்கு ஆறு மாசம் போயிட்டுது. நான்தான் காரணம். அதை எழுத்தில போட்டு, ஸ்பெஷலா ஒரு சான்ஸ் கேட்டு நிறுவனம் எழுத வேணும்.”

“ஆறு மாசம் போகேல்லை யூஜினா. ஆறு மாசம் கிடைச்சிருக்கு,” என்றார் அவர். “அவ எங்களோடயே இருப்பா. தரம் கிடைச்ச உடன கதிரை வெறுமையா இருந்தா நல்லாவா இருக்கும்?”

“எனக்கு நித்திரை வருதில்லை சேர்.”

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல அந்தப் பழைய வெளிச்சம் பரவியது.

“நித்திரையும் வருதில்லையோ,” என்றார். “பயிற்றுநருக்கும் இந்தச் சேவையை விரிவாக்கலாம் எண்டு நான் நெடுக நினைக்கிறனான். மேல போய் றேமண்டைப் பாருங்கோ.”

எப்படி மறுப்பது என்று தெரியாததால் யூஜினா மேலே போனாள். றேமண்ட் தண்ணீர் கொடுத்தார். மஞ்சள் கதிரையில் இருத்தினார். உண்மையாகவே மெத்தென்றுதான் இருந்தது.

“மிஸ், இதுக்குப் பேர் கில்ட். அது ஒரு நெகட்டிவ் எனர்ஜி. உள்ள வச்சிருக்கக்கூடாது. பிழை எண்டு நினைக்கிறதை இந்தத் தாளில எழுதுங்க. பிறகு கிழிச்சுப் போடுங்க. போயிடும்.”

‘நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்’ என்று யூஜினா எழுதினாள். கிழித்தாள். றேமண்ட் துண்டுகளைக் கூடைக்குள் போட்டார்.

“இப்ப எப்பிடி?”

“அப்பிடியேதான் இருக்கு.”

“இன்னும் சின்னதாக் கிழியுங்க,” என்றார் றேமண்ட்.

அவள் எழுந்தாள். இதைச் சொல்ல வேண்டிய ஆள் இவரல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. படியிறங்கிக் காலி வீதியைக் கடந்து கடற்பக்கமாக நடந்தாள். பின்னேர வெயில் ஒழுங்கையின் மதில்களில் சாய்ந்து விழுந்திருந்தது. ரயில் ஒன்று கல்கிசைப் பக்கம் போயிற்று.

ஜீவராணி அறையில் தனியாக இருந்தாள். கட்டிலில் ஒரு பயணப்பை திறந்து கிடந்தது. உடுப்புகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஊருக்குப் போறீங்களா?”

“ஓம் மிஸ். அம்மாக்கு உதவியா இருக்கலாம் எண்டு.” அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். “எனக்கு இது சரிவராது மிஸ். ஆறு மாசத்துக்குப் பிறகு மட்டும் என்ன மூளை வரப்போகுதா?”

யூஜினா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆறு மாதம் வீணாகிவிட்டது என்பதற்காகத்தான் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். இந்தப் பிள்ளைக்குத் தெரியாதது அதைவிடப் பெரியது என்று இப்போது விளங்கியது. அலுவலகம் அவளுக்கு ‘பெயர் அனுப்பப்படவில்லை’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தது.

“நீங்க பாஸ்,” என்றாள்.

ஜீவராணியின் கை நின்றது.

“குழு வர முதலே பாஸ். நல்லாச் செய்தனீங்க. பிறெடி அங்கிளைக் கேட்ட மாதிரியே அசெஸ்மென்ட் அண்டைக்கும் ஒவ்வொண்டாக் கேட்டீங்க. வெள்ளிக்கிழமை உங்களை அந்தக் கதிரையில வச்சுக் காட்ட வேணும் எண்டு சேர் புள்ளியை அனுப்ப வேணாம் எண்டவர். நானும் அனுப்பேல்லை. அதாலதான் பேர் போகேல்லை.”

ஜீவராணி கையிலிருந்த சட்டையைக் கட்டிலில் வைத்தாள். வெளியே யாரோ பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்தார்கள்.

“நான் வந்து கேட்டனான்தானே மிஸ்,” என்றாள் கடைசியில்.

“ஓம்.”

“மருந்தக வாசலில வச்சுக் கேட்டனான்.”

“ஓம். கேட்டீங்க.”

“எல்லாரும் உன்னால முடியும், முடியும் எண்டு சொன்னவை மிஸ். கண்ணாடிக்கு முன்னால நிண்டு நானும் எவ்வளவு கத்தினனான்.” அவள் குரல் உயரவில்லை. “முடிஞ்சிட்டுது எண்டு ஒராளும் சொல்லேல்லை.”

“மன்னிச்சுக்கொள்ளுங்க” என்ற சொல்லை யூஜினா வாசலிலிருந்தே வாயில் வைத்திருந்தாள். இப்போது அதை எடுத்து நீட்ட வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். ஜீவராணி ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்த மன்னிப்புக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைத்தான் அவள் கேட்டாள்.

“எத்தினை புள்ளி மிஸ்?”

யூஜினா சொன்னாள். ஜீவராணி அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். உடனே தலையணைக்குக் கீழே கிடந்த தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள். மறுபக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

“அம்மா, நான் பாஸ் பண்ணிட்டன்… ஓம், உண்மையா… இல்லையம்மா, சோதினை அடுத்த முறைதான். அது பரவாயில்லை… வரேல்லை, இங்கயே நிண்டு படிக்கப் போறன்… மிஸ் இஞ்சதான் இருக்கிறா. அவதான் வந்து சொன்னவ.”

அவள் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினாள்.

“அம்மா உங்களோட கதைக்க வேணுமாம்.” பிறகு தாழ்ந்த குரலில், “மற்றதைச் சொல்லாதேங்கோ மிஸ். அவ தாங்கமாட்டா.”

யூஜினா தொலைபேசியை வாங்கினாள். மறுபக்கத்தில் அந்தத் தாய் அழுதுகொண்டிருந்தாள்.

“மிஸ், என்ர பிள்ளைக்கு வாயே வராது. அவவை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது நீங்கள்தான் மிஸ். எல்லாம் உங்களாலதான்.”

ஜீவராணி பையிலிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஓம் அம்மா,” என்றாள் யூஜினா. “என்னாலதான்.”